எஞ்சின் பக்கத்தில் சொன்னது

மறியல் நடந்த அந்த வாரம் எங்கள் சாலையில் ஒரு பஸ்கூட ஓடவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரும் வழியில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். கரும்பு லாரி இல்லை, டவுன் பஸ் இல்லை, டீக்கடை ரேடியோ இல்லை. எங்கள் வீடு சாலையை ஒட்டியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி ஓர் அமைதியை நான் அங்கே கண்டதில்லை.

அந்த அமைதியில்தான் ஏமாந்தேன். மகளை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்துவிட்டுப் பின்னாலிருந்து, தட்டை எடுத்து வா என்றேன். போய் எடுத்து வந்தாள். அத்தை வீட்டுக்குப் போகலாமா என்றேன். போகலாம் என்று தலையாட்டினாள். சமையலறையிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முன்னறையிலிருந்து "இன்னாம்மா?" என்று பதில் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவளுக்குக் கேட்க வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. பேச்சு வரத் தாமதமாகிறது என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, மூன்று வயதுக்குப் பிறகுதான் காது மந்தம் என்று கண்டுபிடித்தோம். சேலத்தில் கருவி வாங்கிப் பொருத்தினோம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. கவுனின் மார்பில் நான் தைத்த பைக்குள் அது இருக்கும். அதிலிருந்து ஓர் ஒயர் கழுத்தோரம் ஏறிக் காதுக்குள் போகும். கருவி வாங்கிய இடத்தில் குழந்தைகளுக்குக் கேட்கப் பழக்கிக் கொடுக்கும் ஓர் அம்மா இருந்தார். முதல் நாளே அவர் என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"இந்தப் பெட்டிக்கு எது பேச்சு, எது எரைச்சல்னு தெரியாதும்மா. எல்லாத்தையும் ஒண்ணாப் பெருசு பண்ணும். பிரிச்சி எடுக்க வேண்டியது உங்க பொண்ணு. கருவி வாங்கினா ஆச்சின்னு நெனைக்காதீங்க."

நான் பி.யூ.சி. வரை படித்தவள். சொன்னதைக் கேட்டு நடப்பதில் என்னைக் குறை சொன்னவர்கள் கிடையாது. ஆனாலும் அந்த வார்த்தையின் கனம் எனக்கு அன்று புரியவில்லை.

உள்ளூர்ப் பள்ளியின் தலைமையாசிரியை தெளிவாகப் பேசுகிறவர். ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் ஆசிரியை கூப்பிட்டால் பெண் திரும்ப வேண்டும், சொன்னதைச் செய்ய வேண்டும். அடுத்த ஜூனில் அது நடந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். நடக்காவிட்டால் மிச்சம் இருந்தது ஒரே வழி. வெகுதூரத்தில் காது கேளாத குழந்தைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. வருடத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு அனுப்புவார்கள். நன்றாகத்தான் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் பெண் இரவில் என் புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொள்ளாமல் தூங்கமாட்டாள். அதனால் அந்தப் பள்ளி எவ்வளவு நல்லது என்று யோசிக்கவே எனக்குத் தெம்பு இல்லை.

என் கணவர் அந்த வாரம் பகலெல்லாம் சாலையில்தான் இருந்தார். நம்ம ஜனங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு வேண்டும் என்று கேட்கிற கூட்டம். வெட்டிப் போட்ட மரத்தின் மேலேயே உட்கார்ந்து மோர் குடித்ததாகச் சொல்வார். சாப்பிட வந்த நேரத்தில் மகளுக்குக் கேட்பதை அவருக்குக் காட்டினேன். பரவாயில்லையே என்றார். அவள் தலையில் கைவைத்து, நம்ம பிள்ளைகளும் பெரிய படிப்புப் படிக்கத்தானே ரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்றார். அதை நான் வெகுநாள் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

மரங்களை இழுத்துப் போட்டு வழிவிட்ட அன்று காலையில் முதல் லாரி போனது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து கோலப்பொடியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். பின்னாலேயே பஸ் வந்தது. திரும்பவில்லை. தோளைத் தொட்டபோதுதான் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு வாரமாக அவளுக்குக் கேட்டதெல்லாம் ஊர் மூடிக் கிடந்ததால் கேட்டது.

சின்னசேலம் போய் ரயிலேறிச் சேலத்துக்கு ஓடினேன். நடந்ததைச் சொன்னதும் அந்த அம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்கும், திங்கட்கிழமை காலையில் கேட்காது. அதன் பிறகு எப்படிப் பழக்க வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். முதலில் நிசப்தத்தில் பக்கத்திலிருந்து பேச வேண்டும். பிறகு ரேடியோவைச் சின்னதாக வைத்துவிட்டுப் பேச வேண்டும். பிறகு ரேடியோவை எந்த நிலையத்திலும் நிற்காமல் இரைகிற இடத்தில் வைத்துவிட்டு. கடைசியில், வீட்டில் நிஜமாக எங்கே சத்தம் இருக்கிறதோ அங்கே. உதட்டைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. அதற்காக வாயைக் கையால் மூடினால் குரலும் அமுங்கிப்போகும். பூவேலை செய்கிற வளையத்தில் மெல்லிய துணியை இழுத்து மாட்டி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒற்றை வார்த்தையாகச் சொல்லாமல் முழுவாக்கியமாகச் சொல்ல வேண்டும். கேட்டதை அவள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அர்த்தம் புரியாவிட்டாலும் கேட்ட வரைக்கும் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கையில் எதையாவது கொடுங்கள் என்றார். நான் பொட்டுக்கடலை கொடுத்தேன்.

அந்த மாதங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இன்னும் கை தயங்குகிறது. நான் செய்தது பழக்கமா, படுத்தலா என்று தெரியவில்லை. சாயந்திரம் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பிடித்து இழுத்து வந்து இரைகிற ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பேன். நல்ல நாளில் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லுவாள். கெட்ட நாளில் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். ஒருமுறை பெட்டியைக் கழற்றி வைக்கோல்மேல் எறிந்துவிட்டாள். அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டு, வைக்கோலைக் கிளறிக்கொண்டே நானும் அழுதேன். போதும் என்று சொல்ல அந்த வீட்டில் யாராவது இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. போதும் என்று யாரும் சொல்லவில்லை, தொடர்ந்து செய் என்றும் சொல்லவில்லை.

பொங்கலுக்குப் பிறகு என் கணவரே கூட உட்கார ஆரம்பித்தார். அவருடைய கட்டைக் குரல் அவளுக்கு என் குரலைவிட நன்றாகப் பிடிபட்டது. நான் ரேடியோவின் திருகைத் திருகுவேன். அவர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, "வயல்ல கொக்கு வந்துகிது" என்பார். அவள் திருப்பிச் சொல்லுவாள். பொட்டுக்கடலையை அவர் கையாலேயே கொடுப்பார். சில நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். மகளுக்குக் கேட்பதால் வந்த கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

அவருடைய அக்கா எங்களுக்கு அடுத்த வீடு. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவரை இழந்தவர், ஒரே மகள். தம்பிதான் அவர்களுக்கும் ஆண் துணை. அந்த வருஷம் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். தியாகதுருகம் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்த அன்று காலையில் அண்ணி என் வீட்டுக்கு வந்து, என் மகளின் மார்பில் இருந்த பெட்டியைப் பார்த்துப் பேசினார்.

"ஏம்மா, அந்தப் பொட்டிய இன்னிக்கி ஒரு நாளு கழட்டி வையேன். வந்தவங்க பாத்துட்டு, குடும்பத்துக்கே இருக்குதோன்னு நெனச்சிக்குவாங்க."

கழற்றி வைத்தேன். அன்றெல்லாம் அவள் உள்ளறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து யார் வாய் அசைந்தாலும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. கல்யாணம் வைகாசியில் என்று பேச்சு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாசியில் ஆலை ஓட ஆரம்பித்தது. மலையடிவாரத்தில் எங்கள் கரும்பு வயலை ஒட்டி வெல்லம் காய்ச்சும் கொட்டகை இருந்தது, அண்ணிக்கும் எங்களுக்கும் பொது. டீசல் எஞ்சின் கரும்பு பிழியும் ஆலையைச் சுழற்றும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஆட்கள் கொப்பரைக்குத் தீ போடுவார்கள், பாகு துழாவுவார்கள். எஞ்சின் ஓடினால் அந்தக் கொட்டகையில் யாரும் சாதாரணமாகப் பேச முடியாது. பக்கத்தில் நிற்பவரிடமும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அங்கேயே வளர்ந்தவர்களுக்குத் தாங்கள் கத்துவது தெரியாது. மெதுவாகப் பேசிக்கொள்வதாகவே நினைத்துக்கொள்வார்கள்.

நிஜமாகச் சத்தம் இருக்கும் இடம் என்று சேலத்து அம்மா சொன்னது இதுதான் என்று எனக்குப் பட்டது. மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு போகும்போது மகளையும் கூட்டிப்போவேன். முதலில் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்துப் பேசினேன். பிறகு வாசலில். பிறகு உள்ளே, கரும்புச் சக்கைக் குவியலுக்குப் பக்கத்தில். எஞ்சினுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், பெட்டி பேசுகிறவர் பக்கம் இருக்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். அதை யாரும் சொல்லித் தரவில்லை. கேட்காதபோது முகத்தைச் சுளித்து உடம்பைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பாள், கேட்கிற திசை கிடைத்ததும் நின்றுவிடுவாள். பாதி வாக்கியம் பிடிபட்டது. பிறகு முக்கால் வாக்கியம். வேலையாட்கள் சிரித்துக்கொண்டே தாங்களும் ஒரு வாக்கியம் கத்துவார்கள், அவள் திருப்பிக் கத்துவாள். என் கணவர் எப்போதும் எஞ்சின் பக்கம் வேலையாக இருப்பார். அந்தக் கொட்டகையில் அவள் எந்த அளவுக்குத் தேறிவிட்டாள் என்பதை அவர் நின்று பார்த்ததில்லை.

அன்று நான் வேப்பமரத்தடியில் சோற்றுத் தூக்குகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே சக்கைக் குவியலில் விளையாடிக்கொண்டிருந்தாள். சிரித்த முகத்தோடு ஓடிவந்து என் முன்னால் நிமிர்ந்து நின்றாள், வாக்கியம் சொல்லும்போது நிற்கிற மாதிரி. உச்சரிப்பு சரியாக வராது. எனக்கு மட்டும் முழுசாகப் புரியும்.

"ஊருக்குப் போறம்னு சொல்லி இட்டுக்கினு போயி ஆஸ்டல்ல உட்டுட்டு வந்துடறேன்க்கா. கல்யாணத்துக்கு முன்னயே. அவகிட்ட நீ ஒண்ணும் சொல்லிக்காத."

சொல்லிவிட்டுப் பொட்டுக்கடலைக்குக் கையை நீட்டினாள்.

யார் சொன்னது என்று கேட்டேன். அப்பா என்றாள். அத்தைகிட்ட என்றாள். பிறகு, "ஆஸ்டல்னா இன்னாம்மா?" என்றாள்.

முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொட்டுக்கடலையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கே கேட்கவில்லை. எனக்கு எதிலும் சந்தேகம் வரும். வேறு எதையாவது கேட்டுக் கலந்து சொல்கிறாளோ என்று நினைத்தேன். ஆனால் ஹாஸ்டல் என்ற சொல்லை அவள் முன்னால் நாங்கள் யாரும் சொன்னதே இல்லை. தெரிந்த சொல்லைத்தான் இரைச்சலில் ஊகிக்க முடியும். அர்த்தம் தெரியாத ஒரு சொல்லை அவளால் எப்படி ஊகித்திருக்க முடியும்? இதை எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டு, ஒருவேளை தப்பாக இருக்குமோ என்று மறுபடியும் ஆரம்பிப்பேன். கணவரைச் சந்தேகப்படுவதைவிடக் குழந்தையின் காதைச் சந்தேகப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சோறு போடும்போது கேட்டேன். அவர் கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. பிறகு அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பேசினார்.

"எஞ்சின் ஓடும்போது நமக்கே ஒண்ணும் கேக்காது. அவளுக்கு எங்க கேக்கப் போவுது? இன்னாத்தையோ கேட்டுக்கினு வந்து ஒளறுது, நீயும் நம்பிக்கினு."

மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, அவளுக்குக் கேட்கும்படி நிதானமாக, முகத்தைக் காட்டிச் சொன்னார். "அப்பா அப்படிச் சொல்லலம்மா. நீ தப்பாக் கேட்டுட்ட."

அவள் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் ரசம் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்டதைத் திருப்பிச் சொல்லத் தயங்கினாள். வாயைத் திறப்பாள், பிறகு மூடிக்கொள்வாள். மாதக்கணக்காகக் கட்டியதை ஒரு வாக்கியத்தில் அவர் கலைத்துவிட்டார். அவர் சொன்னது பொய்யாக இருக்கும் என்று முதல் தடவையாக உறுதியாக நினைத்தது அப்போதுதான். அவர் பேச்சுக்கு ஒரே ஆதாரம் அவளுக்குக் காது கேட்காது என்பது.

கொட்டகையில் வைத்துப் பேச்சை எடுத்தவர் அண்ணி. அவருக்கு விஷயம் போயிருக்கிறது. ஆட்கள் முன்னால், வெல்ல உருண்டை பிடித்துக்கொண்டே, கிண்டலாகக் கேட்டார். "எஞ்சின் சத்தத்துலயே எல்லாம் கேக்குதாமே உம் பொண்ணுக்கு. எங்க, எங்களுக்கும் கொஞ்சம் காட்டேன்."

நான் அதுவரை யார் முன்னாலும் எதையும் நிரூபித்ததில்லை. மகளை எஞ்சினுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, அவள் பார்வையில் படாமல் ஒரு பக்கமாகப் போய்ச் சக்கைக் குவியலோரம் நின்று, கொப்பரையில் பாகு பொங்குகிறது என்றேன். சொன்னாள். மலைமேல் மேகம் ஏறுகிறது என்றேன். அதையும் சொன்னாள். தீ போடுகிறவர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

"நீ சொல்றதெல்லாம் அதுக்கு மனப்பாடம். தம்பி, நீ சொல்லு."

என் கணவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நான் நின்ற இடத்தில் நின்றார். நான் பக்கவாட்டில் இருந்தேன். அவருடைய உதடுகள் அசைந்தன. நீளமான வாக்கியம். அவள் திரும்பாமலே யோசித்தாள். பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தினாள், உடம்பை லேசாகச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு, "அப்பா பேசல" என்றாள்.

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "காது கேக்கலன்னு சொல்லாம, பேசலன்னு சொல்லுது பாரு. வெவரமான பொண்ணு."

இன்னொரு தரம் சொல்லு தம்பி என்றார். மறுபடியும் அவர் உதடுகள் அசைந்தன. இந்தத் தடவை நான் அவர் கழுத்தைப் பார்த்தேன். அந்தக் கொட்டகையில் பேசுகிற எல்லோருக்கும் கழுத்து நரம்பு புடைக்கும். அவருடையது புடைக்கவில்லை. தொண்டை அசையவே இல்லை. மூச்சுகூட வாங்கவில்லை. வெறும் உதடுகள்.

இதையும் சேலத்து அம்மா எனக்குச் சொல்லித் தந்திருந்தார். இடையிடையே சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைக்க வேண்டும். ஊகிக்கிற குழந்தை ஏதாவது ஒன்றைச் சொல்லும். கேட்கிற குழந்தை, பேசவில்லை என்று சொல்லும். வீட்டில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து அதைப் பழகியிருக்கிறோம். எந்தப் பதில் சரி என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது தடவை அவள் திரும்பிவிட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. அவளைப் பார்த்ததும் நின்றன. அவள் என்னிடம் வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்கள் முன்னால் நான் வாயைத் திறக்கவில்லை. கட்டின புருஷன் பொய் சொல்கிறார் என்று கூலியாட்கள் முன்னால் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்து விளக்கு வைத்த பிறகுதான் சொன்னேன்.

"நீங்க பேசல. நான் பாத்தேன்."

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட நான் பாதி நம்பியிருப்பேன். அவள் நல்லதுக்குத்தான் என்றார். அக்கா மகள் கல்யாணம் நின்றுவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு என்றார். பிறகு அவர் சொன்னதை நான் இன்றுவரை முழுசாகத் தள்ளிவிட முடியவில்லை.

"ஊரே எஞ்சின் மாதிரிதான் எரையும். எவன் அவளுக்காகப் பக்கத்துல வந்து நின்னு பேசுவான்? நீ ஒருத்தி வளையத்தப் புடிச்சிக்கினு எத்தினி நாளு பேசுவ? அங்க அவள மாதிரியே இருக்கிற புள்ளைங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க."

அவர் சொல்வது சரியோ என்று அப்போதும் நினைத்தேன். எது குழந்தைக்கு நல்லது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்கவும் கூடும். என்னைக் கேட்டிருக்கலாம். எனக்குப் பொறுக்காதது அவர் முடிவு அல்ல. ஊருக்குப் போகிறோம் என்று அவளிடம் சொல்லி அழைத்துப்போக நினைத்தது. அவள் அவருக்குப் பின்னால் புது கவுனோடு சந்தோஷமாகப் பஸ் ஏறியிருப்பாள். நானே அவளுக்குத் தலைவாரி விட்டிருப்பேன்.

"நம்ம புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல எடம் வேணும்னுதானே மரத்தை வெட்டிப் போட்டு உக்காந்தீங்க" என்றேன். அதைக் கேட்டுவிட்டு அவர் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஜூன் வரை காத்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. தலைமையாசிரியை என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார்.

"உங்க வூட்டுக்காரரு வந்து, பொண்ணு இங்க படிக்காது, வேற எடத்துல சேக்கறம்னு சொல்லிட்டுப் போனாரேம்மா."

எப்போது என்று கேட்டேன். பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பொங்கலுக்குப் பிறகுதான் அவர் எங்களோடு உட்கார ஆரம்பித்தார். பள்ளிக்கு வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாயந்திரம் வீட்டுக்கு வந்து வளையத்தைப் பிடித்துக்கொண்டு, வயலில் கொக்கு வந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போன நாட்களை நினைத்தேன். வஞ்சகம் என்றால் சிரித்துக்கொண்டே செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். அழுதுகொண்டே, அன்பாக, பொட்டுக்கடலை கொடுத்துக்கொண்டே செய்ய முடியும் என்று எனக்குத் தெரியாது. அவர் எங்களோடு உட்காராமலே இருந்திருக்கலாம். அந்த ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தலைமையாசிரியை என் முகத்தைப் பார்த்துவிட்டு மகளை ஒன்றாம் வகுப்புக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வகுப்பில் ஏதோ பாட்டு. அவளைக் கரும்பலகை பார்க்க உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். பெட்டியை நகர்த்தி, தோளைச் சாய்த்து, திரும்பினாள். சாக்பீஸ் எடுத்து வரச் சொன்னார். எடுத்து வந்தாள். சன்னலை மூடச் சொன்னார். அது கேட்கவில்லை, விழித்தாள். உன் பேர் இன்னா என்றார், சொன்னாள். பாதிக்குமேல் கேட்டது, பாதிக்குக் கொஞ்சம் குறைய விட்டுப்போனது. அவ்வளவுதான்.

அவ்வளவு போதுமா என்று நானே கேட்டேன். முன்பெஞ்சில் போட்டால் போதும் என்றார். அப்பா வந்து சொன்னதற்கு என்ன செய்வது என்றார். நான் அவளுடைய அம்மா, நான் சொல்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சரி, ஜூன் முதல் வாரம் கூட்டி வாருங்கள் என்றார்.

வீட்டில் சொன்னபோது அவர் சண்டை போடவில்லை. சண்டை போடுவார் என்று நான் முந்தின இரவெல்லாம் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. உன் இஷ்டம் என்றார். அண்ணி மூன்று மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கல்யாணம் நிற்கவில்லை. வைகாசியில் ஜாம்ஜாமென்று நடந்தது. மகள் பெட்டியோடுதான் வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அதை டிரான்சிஸ்டரா என்று கேட்டார்கள், இல்லை என்று சொன்னேன், சரி என்று சாப்பிடப் போய்விட்டார்கள்.

இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. முன்பெஞ்சு. சத்தத்தில் இன்னும் தவற விடுவாள், வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டு நிரப்பிக்கொள்வாள். என் கணவர் எங்கள் இருவரையும் நன்றாகத்தான் வைத்திருக்கிறார். வெளியார் வந்தால், எஞ்சின் பக்கத்திலேயே வைத்துப் பழக்கினோம் என்று பெருமையாகச் சொல்வார். நான் திருத்துவதில்லை.

போன வாரம் சாயந்திரம். மின்சாரம் போயிருந்தது. சாலையில் வண்டி எதுவும் இல்லை. நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் அவளைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை கோமுகி அணைக்குப் போகலாமா, தண்ணீர் திறந்து விட்டிருக்கிறார்கள் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள்.

"நெசமாவாம்மா?"

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தார். எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்வது? அப்பாவையே கேள் என்றேன். அவள் கேட்கவில்லை. எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்தாள்.